நாலு எங்கே போச்சு?

"மலருக்கு ஒரு கட்டுரை வேணும்டா. தயவு செய்து துறை சம்பந்தமா எழுதாதே. போன மலர்ல ஒருத்தர் பாய்லர் பத்தி ஆறு பக்கம் எழுதினார். புரூஃப் பார்த்த நான் ஒருத்தன்தான் அதை முழுசாப் படிச்சவன்" என்று போனில் சொன்னான், மலர்க் குழுவில் இருக்கும் என் ஹாஸ்டல் அறை நண்பன்.

"சரித்திரம் எழுதட்டுமா?"

"கல்லூரி சரித்திரமா?"

"இல்லை. சால்ஸா நடனத்தின் சரித்திரம். நானே கத்துக்கிட்டேன்."

மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு அவன் சிரித்த சிரிப்பில் போனே அதிர்ந்தது. அவன் சிரித்ததற்குக் காரணம் உண்டு. இரண்டாம் வருடம் கல்ச்சுரல்ஸில் மெக்கானிக்கல் துறையின் குழு நடனத்துக்கு ஓர் ஆள் குறைகிறது என்று என்னை இழுத்து நிறுத்தினார்கள். எல்லோரும் வலப்பக்கம் திரும்பியபோது நான் இடப்பக்கம் திரும்பினேன். என் முழங்கை பக்கத்தில் ஆடியவன் மூக்கில் இறங்கியது. ஆடிட்டோரியம் முழுக்க விசில். அந்த மூக்குக்குச் சொந்தக்காரன்தான் இப்போது கட்டுரை கேட்கிறவன்.

ரத்தம் நின்று, அவனும் மறந்துவிட்டான். நான் மறக்கவில்லை. மிச்ச இரண்டு வருடமும் மேடைக்குப் பக்கத்தில் ஆம்பிளிஃபயர் மேஜையே கதி என்று உட்கார்ந்திருந்தேன். அதற்கப்புறம் எந்தக் கல்யாண ரிசப்ஷனிலும் யாராவது கையைப் பிடித்து இழுத்தால் "போன் வந்திருக்கு" என்று வெளியே போய்விடுவேன். 11 வருடம் இப்படியே ஓடியது. நம்மில் எத்தனை பேர் இப்படிப் போனைக் காதில் வைத்துக்கொண்டு வாசலில் நிற்கிறோம் என்பது எனக்குத் தெரியும்; வாசலில் அவர்களைச் சந்தித்திருக்கிறேன்.

2018-இல் கம்பெனி வேலையாக நியூ ஜெர்சிக்குப் போனேன். சுழலும் இயந்திரங்களின் அதிர்வை அளப்பது என் தொழில். பம்ப், டர்பைன், ஃபேன் எதுவானாலும் தாங்கியின் மேல் சென்சாரை வைத்து, எந்த இடைவெளியில் எது தட்டுகிறது என்று எண்ணிச் சொல்ல வேண்டும். அந்த ஆலையில் என்னோடு வேலை பார்த்த டெக்னீஷியன் கொலம்பியாக்காரர், ஐம்பது வயது, ஊர் பெயர் காலி. (இலங்கையில் இருக்கும் காலி அல்ல. ஊரும் காலியான ஊர் அல்ல, இருபது லட்சம் பேருக்கு மேல் வசிக்கும் நகரம்.) நான் சாயங்காலமானால் அறையில் தனியாகத் தயிர்சாதம் பிசைந்துகொண்டிருப்பதைப் பார்த்து மனசு கேட்காமல், ஒரு வியாழக்கிழமை என்னை ரயிலேற்றி நியூயார்க்கின் கிழக்கு ஹார்லெமுக்குக் கூட்டிப்போனார். அங்கே ஒரு சின்ன ஹாலில் சால்ஸா வகுப்பு. ஆரம்ப நிலைக்காரர்கள் பத்துப் பேர். ஆசிரியை அறுபது வயதைத் தாண்டியவர், பெற்றோர் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்தவர்கள். அவரை டீச்சரம்மா என்றே இங்கே சொல்லிக்கொள்கிறேன்.

முதல் பாடம் வெகு சுலபம். "ஒன்று, இரண்டு, மூன்று", பிறகு மௌனம். "ஐந்து, ஆறு, ஏழு", மறுபடி மௌனம். ஆறு அடி, எட்டு எண்ணிக்கை. நானும் எண்ணிக்கொண்டே கால் வைத்தேன். மூன்றாவது சுற்றில் சந்தேகம் வந்துவிட்டது. நாம் இன்ஜினியர் ஆயிற்றே, கையைத் தூக்கினேன்.

"மேடம், நாலும் எட்டும் எங்கே போச்சு?"

எல்லோரும் சிரித்தார்கள். டீச்சரம்மா சிரிக்கவில்லை. "நல்ல கேள்வி. அதை உங்க காலைக் கேட்டா தெரியாது, காதைக் கேளுங்க. அடுத்த வாரம் வந்து நீங்களே சொல்லுங்க" என்று ஒரு பழைய பாட்டின் பெயரை எழுதிக் கொடுத்தார்.

அந்த வாரம் முழுக்கக் கேட்டேன். என் தொழிலில் செய்வதுபோலவே ஒவ்வொரு சத்தமாகப் பிரித்து, எது எங்கே விழுகிறது என்று தாளில் கட்டம் போட்டேன். கொங்கா என்கிற உயரமான மேளம் 2-இல் பளீரென்று ஓர் அறை கொடுக்கிறது. பிறகு 4-இலும், அதற்கு அரை எண்ணிக்கை தள்ளியும் "தும் தும்" என்று திறந்த கையால் இரண்டு அடி. ஆக, கால் நிற்கிற அதே இடத்தில் மேளம் பேசுகிறது! பேஸ் வாசிப்பவர் அதைவிட வினோதம். பெரும்பாலும் அவர் 1-ஐத் தொடுவதே இல்லை. 2-க்கும் 3-க்கும் நடுவில் ஒன்று, 4-இல் ஒன்று. வீட்டில் அக்கா ஆதி தாளம் போடும்போது சமத்தில் விழும் அந்தத் தட்டையே பார்த்து வளர்ந்தவன் நான். இங்கே சமமே வெற்றிடம். ஆனால் "அரை இடம் தள்ளி எடு" என்று பாட்டு டீச்சரிடம் அக்கா வாங்கிய திட்டுகள் எனக்கு ஞாபகம் இருந்ததால், இது ஏதோ பிழையல்ல, எடுப்பு என்று மட்டும் புரிந்தது.

எல்லாவற்றுக்கும் அடியில் இரண்டு மரக்குச்சிகளின் சத்தம். அதற்குப் பெயர் கிளாவே. எட்டு எண்ணிக்கையைப் பாதி பாதியாக்கினால் 16 கட்டம் வருமல்லவா? அதில் 1, 4, 7, 11, 13 ஆகிய ஐந்து கட்டங்களில் குச்சி விழுகிறது. இடைவெளிகள் 3, 3, 4, 2, 4. கூட்டினால் 16. மேஜையில் தட்டிப் பாருங்கள். முதல் பாதியில் மூன்று, இரண்டாம் பாதியில் இரண்டு. முதல் பாதி நெளிகிறது, இரண்டாம் பாதி நிமிர்கிறது. பாதிகளை இடம் மாற்றி, இரண்டு முதலில் வரும்படி வாசிப்பதும் உண்டு. எந்தப் பாதியில் பாட்டு இருக்கிறதோ அதற்குக் குறுக்கே வாசிப்பவனை அந்த வாத்தியக்காரர்கள் மன்னிக்க மாட்டார்கள். பல பாட்டுகளில் அந்தக் குச்சிகளை யாரும் வாசிப்பதுகூட இல்லை. ஆனாலும் எல்லோர் மனத்திலும் அது ஓடிக்கொண்டிருக்கிறது.

இந்தக் குச்சிகளைப் பற்றித் தேடப் போய்த்தான் சரித்திரத்தில் மாட்டிக்கொண்டேன். கியூபாவின் ஆய்வாளர் ஃபெர்னாண்டோ ஓர்த்திஸ், இவை ஹவானா கப்பல் கட்டும் தளத்தில் பலகைகளைப் பிணைக்க அடிக்கும் கடின மர ஆணிகளிலிருந்து வந்தவை என்கிறார். நம் வொர்க்‌ஷாப்பில் டவல் பின் என்று சொல்வோமே, அந்த ஜாதி. துறைமுகக் கூலிகள் கையில் இருந்ததைத் தட்டினார்கள். கருவாடு வந்த பெட்டி, மெழுகுவர்த்தி வந்த பெட்டி எல்லாம் மேளமாயின. காரணம், அவர்களில் பெரும்பாலோர் ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்து வரப்பட்ட அடிமைகள், அல்லது அடிமைகளின் பிள்ளைகள். கரும்புத் தோட்டத்துக்கும் சர்க்கரை ஆலைக்கும் என்று கொண்டுவரப்பட்டவர்கள். கியூபாவில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1886-இல்தான். வட அமெரிக்கத் தோட்டங்கள் பலவற்றில் அடிமைகள் மேளம் தொடக்கூடாது என்று தடை இருந்தது. கியூபாவில் அவரவர் ஆப்பிரிக்க இனத்தின் பெயரால் சங்கம் வைத்துக்கொள்ள இடம் கிடைத்தது. மேளமும் அதன் கணக்கும் அந்தச் சங்கங்களில் உயிர் பிழைத்தன.

ஐரோப்பியர்கள் கொண்டுவந்த ஜோடி நடனம் இன்னொரு பக்கம். 1791-இல் ஹெய்ட்டியில் அடிமைகள் புரட்சி செய்தபோது ஓடிவந்த பிரெஞ்சுக்காரர்களோடு கோந்த்ரதான்ஸா என்கிற வரிசை நடனம் கியூபாவின் கிழக்குக் கரையில் வேரூன்றியது. இரண்டும் ஒரே தெருவில் இருந்தால் கலக்காமல் இருக்குமா? 1879 ஜனவரி முதல் தேதி மத்தான்ஸாஸ் நகரில் மிகேல் ஃபைல்தே என்ற வாத்தியக் குழுத் தலைவர் முதல் தான்ஸோனை வாசித்தார். வரிசை போய், ஒருவரை ஒருவர் அணைத்து ஆடும் ஜோடி வந்தது. அதில் எனக்குப் பிடித்த ஒரு சங்கதி: பாட்டின் முகப்புப் பகுதி திரும்ப வரும்போதெல்லாம் ஜோடிகள் ஆட்டத்தை நிறுத்தி, விசிறிக்கொண்டு, ஊர்க்கதை பேசி நிற்பார்கள். ஆக, நிற்பதும் ஆட்டத்தில் சேர்ந்ததுதான் என்பது அன்றே இருந்த வழக்கம்.

கிழக்கு மலைப் பகுதியிலிருந்து சோன் என்கிற பாட்டு ஹவானாவுக்கு வந்ததும், 1920-களில் அது ஊரையே பிடித்ததும், கண் பார்வையற்ற ஆர்சேனியோ ரோத்ரிகெஸ் 1940 வாக்கில் அந்தக் குழுவில் கொங்காவைச் சேர்த்து டிரம்பெட்டுகளை அதிகமாக்கியதும், 1949-இல் பெரெஸ் பிராதோ பதிவு செய்த 'மம்போ எண் 5' உலகம் சுற்றியதும் நீண்ட கதை. பக்கக் கணக்கு இடிக்கிறது. நான் ஆடக் கற்ற ஊருக்கு வருகிறேன்.

புவேர்ட்டோ ரிக்கோக்காரர்களுக்கு 1917-இல் அமெரிக்கக் குடியுரிமை கிடைத்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் லட்சக்கணக்கில் நியூயார்க்குக்கு வந்தார்கள். ஆண்களுக்கு ஹோட்டல் சமையலறை, பெண்களுக்குத் தையல் ஆலை. அவர்கள் குடியேறிய கிழக்கு ஹார்லெமுக்கு எல் பார்ரியோ என்றே பெயர், 'பேட்டை' என்று அர்த்தம். அங்கே 1940-இல் மச்சீத்தோ என்ற கியூபப் பாடகர் ஒரு குழு தொடங்கினார். அதன் இசையை நடத்தியவர் அவர் மைத்துனர் மாரியோ பௌஸா. 'ஆப்ரோ-கியூபர்கள்' என்று பெயர் வைத்தார்கள். ஆப்பிரிக்க வம்சம் என்று சொல்லிக்கொள்ளவே பலர் தயங்கிய காலத்தில் குழுவின் பெயர்ப் பலகையிலேயே அதை எழுதினார்கள்.

பிராட்வேயும் 53-ஆவது தெருவும் சந்திக்கும் இடத்தில், மாடியில், பல்லேடியம் என்று ஒரு நடன ஹால் இருந்தது. கூட்டம் குறைந்து வியாபாரம் படுத்திருந்த சமயத்தில், ஃபெடெரிகோ பகானி என்ற ஏற்பாட்டாளரும் பௌஸாவும் சேர்ந்து ஞாயிறு மதியங்களில் லத்தீன் நடனம் வைத்துப் பார்த்தார்கள். 1940-களின் கடைசியில் நடந்த சமாசாரம் இது. வரிசை தெருவைச் சுற்றி நின்றது. சில வருடங்களில் அந்த ஹால் முழுக்க முழுக்க மம்போ ஹாலாகிவிட்டது. மச்சீத்தோ, டிட்டோ புவெந்தே, டிட்டோ ரோத்ரிகெஸ் ஆகிய மூன்று பேரின் குழுக்களும் போட்டி போட்டுக்கொண்டு வாசித்தன. பேட்டையிலிருந்து வந்த புவேர்ட்டோ ரிக்கோத் தையல்காரிகள், புரூக்ளின் யூதர்கள், இத்தாலியர்கள், ஹார்லெமின் கறுப்பர்கள், நடுவே ஹாலிவுட் நடிகர் மார்லன் பிராண்டோ எல்லோரும் ஒரே தரையில். அமெரிக்கப் பள்ளிகளில் நிறப் பிரிவினை செல்லாது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சொன்னதே 1954-இல்தான். அந்தத் தரையில் புகழ்பெற்ற ஜோடி 'கியூபன் பீட்' என்று அழைக்கப்பட்ட பெத்ரோ அகிலாரும் மில்லி டோனேயும். பெயர்தான் கியூபன், அவர் புவேர்ட்டோ ரிக்கோக்காரர், அந்த அம்மா இத்தாலிய வம்சம்.

பல்லேடியத்தில் பாடமும் நடந்தது. புதன்கிழமைகளில் 'கில்லர் ஜோ' பீரோ என்பவர், அவரும் இத்தாலிய வம்சம்தான், புதியவர்களை வரிசையில் நிறுத்திச் சொல்லிக் கொடுப்பார். ஆனால் பேட்டைக்காரர்களுக்குப் பாடம் எதற்கு? சமையலறையில் ரேடியோ, அத்தையின் கை, கல்யாண வீடு, படிக்கட்டு. நம் வீட்டில் கோலம் போடக் கற்ற மாதிரி பார்த்துப் பார்த்து வந்தது.

இதற்குப் பிறகு அடி மேல் அடி. 1959-இல் கியூபப் புரட்சி. 1961-இல் அமெரிக்கா உறவை முறித்தது. 1962-இல் முழு வணிகத் தடை. ஹவானாவிலிருந்து வந்துகொண்டிருந்த குழுக்களும் தட்டுகளும் நின்றுபோயின. 1960-இல் வெளியேறிய பாடகி சேலியா குரூஸ், 1962-இல் தாயார் இறந்தபோது ஈமச்சடங்குக்குக்கூடப் போக அனுமதி கிடைக்கவில்லை. பல்லேடியம் மதுபான உரிமத்தை இழந்து தள்ளாடி 1966-இல் மூடப்பட்டது. பிள்ளைகளோ ராக் கேட்கத் தொடங்கிவிட்டார்கள். பெற்றோரின் மேளத்தையும் தங்கள் ஆங்கிலத்தையும் கலந்து பூகலூ என்று ஒன்றைச் சமைத்தார்கள். (இன்றைய மாணவர்களுக்கு: 2018-இல் கார்டி பி பாடி நீங்கள் ஹாஸ்டலில் அலற விட்ட 'ஐ லைக் இட்' பாட்டின் அடிக்கல் 1967-இன் பூகலூ. உங்களுக்கே தெரியாமல் கேட்டிருக்கிறீர்கள்.)

அறுந்த நூலை நியூயார்க்கிலேயே முடிச்சுப் போட்டவர்கள் இரண்டு பேர். தொமினிக்கன் குடியரசிலிருந்து வந்த புல்லாங்குழல்காரர் ஜானி பச்சேகோ, முன்னாள் போலீஸ்காரரான வக்கீல் ஜெர்ரி மசூச்சி. 1964-இல் ஃபானியா என்ற இசைத்தட்டுக் கம்பெனி தொடங்கினார்கள். ஆரம்பத்தில் கார் டிக்கியில் தட்டுகளை அடுக்கிக்கொண்டு கடை கடையாகப் போய் விற்றதாகச் சொல்வார்கள். 1971 ஆகஸ்ட் 26 அன்று சீட்டா என்ற கிளப்பில் தங்கள் கலைஞர்கள் எல்லோரையும் ஒரே மேடையில் ஏற்றிப் படம் பிடித்தார்கள். 1973 ஆகஸ்ட் 24 அன்று யாங்கி ஸ்டேடியத்தில் சுமார் 40,000 பேர். கொங்காக்கள் போட்டி போட்ட நேரத்தில் ஜனங்கள் வேலி தாண்டி மைதானத்துக்குள் இறங்க, கச்சேரி பாதியில் நின்றது.

இந்தக் கலவைக்கு ஒரு பெயர் வேண்டியிருந்தது. சால்ஸா என்றால் ஸ்பானிய மொழியில் குழம்பு, சாறு. பாட்டுக்காரர்கள் "இன்னும் கொஞ்சம் சால்ஸா போடு" என்று கத்துவது பழைய வழக்கம். இக்னாசியோ பிஞ்ஞேய்ரோ 1930-களிலேயே அந்தச் சொல்லை வைத்துப் பாட்டுக் கட்டியிருக்கிறார். கம்பெனியும் பத்திரிகைகளும் அதையே லேபிளாக ஒட்டின. டிட்டோ புவெந்தேக்கு இந்தப் பெயர் கடைசிவரை பிடிக்கவில்லை. அது சாப்பாட்டில் ஊற்றுவது, நான் வாசிப்பது கியூப இசை என்பது அவர் கட்சி. எனக்கென்னவோ இரண்டு பக்கமும் நியாயம் இருப்பதாகப் படுகிறது. குழம்பு கியூபாவுடையதுதான். ஆனால் அடுப்பு அணைந்த நேரத்தில் அதைக் கொதிக்க வைத்தவர்கள் நியூயார்க் பேட்டைப் பிள்ளைகள்.

சரி, நாலு எங்கே?

இப்போதுதான் நம்ம ஆள் வருகிறார். எட்டி டோரஸ், நியூயார்க்கின் புவேர்ட்டோ ரிக்கோப் பையன், கிளப்புகளில் பார்த்துப் பார்த்து ஆடக் கற்றவர், பிறகு புவெந்தேயின் குழுவோடு மேடையில் ஆடியவர். ஆனால் தான் ஆடுவதை இன்னொருவருக்கு எப்படிச் சொல்லிக் கொடுப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. "இதோ பார், இப்படி" என்பதைத் தவிர வார்த்தை இல்லை. ஜூன் லபெர்ட்டா என்ற பால்ரூம் நடன ஆசிரியை அவரை உட்கார வைத்து, "அடிக்கு எண் கொடு, திருப்பத்துக்குப் பெயர் கொடு" என்று வற்புறுத்தினார். டோரஸ் அப்படியே செய்தார். 1980-களில் அவர் வகுப்புகளிலிருந்து பரவியதுதான் நியூயார்க் பாணி: கால் 1, 2, 3, பிறகு 5, 6, 7, திசை மாறுவது 2-இலும் 6-இலும், கொங்காவின் அந்த அறையோடு சேர்த்து. லாஸ் ஏஞ்சலஸ்காரர்கள் திசையை 1-இல் மாற்றுவார்கள். எது சரி என்று இரண்டு கட்சிக்கும் ஓயாத சண்டை. நம் ஹாஸ்டல் மெஸ்ஸில் சாம்பாரா ரசமா என்று நடந்த சண்டையைவிடத் தீவிரம்.

இன்ஜினியரிங் பாஷையில் சொன்னால், அதுவரை ஃபிட்டரின் கைப்பழக்கமாக இருந்த ஒன்றுக்கு டோரஸ் டிராயிங் போட்டார். டிராயிங் இருந்ததால்தான் உலகம் முழுக்க, அத்தையும் சமையலறை ரேடியோவும் இல்லாத என்னைப்போன்றவர்கள் உள்ளே வர முடிந்தது. எண் இல்லாவிட்டால் நான் இன்னும் வாசலில் போனோடு நின்றிருப்பேன்.

இரண்டாம் வாரம் போய் "நாலில் கொங்கா இருக்கு மேடம்" என்று சொன்னேன். டீச்சரம்மா முதுகில் தட்டினார். அந்தக் குளிர்காலம் முழுக்க வியாழன்தோறும் போனேன். எத்தனை பேர் காலை மிதித்தேன் என்பதற்குக் கணக்கு வைத்துக்கொள்ளவில்லை. ஜோடியின் கையை இழுப்பது ஆட்டுவிப்பது ஆகாது, தன் எடையை மாற்றினால் அவர்களுக்குத் தானாகச் செய்தி போகும் என்பது புரியவே நாலு மாதம் ஆனது. தாங்கியில் அதிர்வு கடத்தப்படுவதை வருஷக் கணக்காக அளந்தவன் இதைத் தன் கையில் உணர இத்தனை நாள் எடுத்துக்கொண்டேன், வெட்கம்தான். காலிக்காரர் மட்டும் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தார். அவர் கால் எண்ணவே முடியாத வேகம். கேட்டால், அவர் ஊரில் 1960-களில் 33 சுற்றுத் தட்டை 45-இல் வைத்து ஓட்டுவார்களாம், பாட்டு ஆமைபோல் இருக்கிறதென்று. கணக்குப் போட்டுப் பாருங்கள், 35 சதவீதம் வேகம் கூடுகிறது. அதற்கு ஈடு கொடுத்து வளர்ந்த கால்கள் அவை.

2019 ஜூனில் வகுப்பின் வருடக் கடைசி விருந்து. டீச்சரம்மாவின் தாயார் வந்திருந்தார். 83 வயது. இளம் வயதில் பகலில் தையல் ஆலையில் காலர் தைத்துவிட்டு, இரவில் பல்லேடியத்தில் ஆடியவர். டீச்சரம்மா என்னை இழுத்துப்போய் அவர் முன் நிறுத்தி, "அம்மாவோட ஒரு பாட்டு ஆடுங்க" என்றார். போன் வந்திருக்கிறது என்று சொல்ல முடியவில்லை.

தொடங்கினோம். ஒன்று, இரண்டு, மூன்று... எங்கேயோ இடித்தது. நான் நிற்கிறபோது அந்த அம்மாள் கால் வைக்கிறார். நான் வைக்கிறபோது அவர் நிற்கிறார். தப்பு என்னுடையதுதான் என்று மறுபடி முதலிலிருந்து எண்ணினேன். மறுபடி அதே. அவர் மகளைப் பார்த்து ஸ்பானிய மொழியில் ஏதோ சொல்லிச் சிரித்தார்.

"என்ன சொல்றாங்க?"

"உங்க வாய் ஆடுதாம், கால் ஆடலையாம்."

உண்மைதான், உதடு அசைய எண்ணிக்கொண்டிருந்தேன். வாயை மூடிக்கொண்டு அவர் காலைக் கவனித்தேன். அப்போதுதான் தெரிந்தது. அவர் கால் விழுந்தது 2, 3, 4; பிறகு 6, 7, 8. நின்றது ஒன்றிலும் ஐந்திலும். பழைய மம்போ ஆட்டக்காரர்களில் பலர் அப்படித்தான் ஆடினார்கள் என்று பிறகு தெரிந்துகொண்டேன். கியூபாவில் சோன் ஆடுகிறவர்களிடமும் இந்த வழக்கம் உண்டு. பேஸ் தொடாத அந்த ஒன்றில் அவரும் நின்றார். கொங்கா "தும்" என்ற நாலில் அவர் பாதம் இருந்தது. பத்து மாதமாக நான் தேடிய நாலு அந்த அம்மாளின் கறுப்புச் செருப்புக்கு அடியில் இருந்தது!

அவரோடு பாதிப் பாட்டு ஆடினேன். எண்ணாமல் ஆடிய முதல் பாதிப் பாட்டு அது. பிறகு அவருக்கு மூச்சு வாங்கியதால் உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்தபடியே நாற்காலிக் கையில் விரலால் கிளாவே தட்டிக்கொண்டிருந்தார். "நீங்க எதை வச்சு எண்ணுவீங்க?" என்று மகள் மூலம் கேட்டேன். கேள்வியே அவருக்குப் புரியவில்லை. இரண்டு தடவை விளக்கியும் புரியவில்லை. எதற்கு எண்ண வேண்டும் என்று திருப்பிக் கேட்டார். மகள் முகம் சற்று மாறியது. அவர் பிழைப்பே எண்ணிச் சொல்லிக் கொடுப்பதல்லவா?

ஊர் திரும்புவதற்கு முந்தின சனிக்கிழமை பிராட்வே, 53-ஆவது தெரு முனைக்குப் போய் நின்று பார்த்தேன். நடன ஹாலின் அடையாளம் எதுவும் என் கண்ணில் படவில்லை. டாக்சிகள் போய்க்கொண்டிருந்தன. 2020 ஏப்ரலில், கொரோனாவின் முதல் அலையில் தாயார் காலமாகிவிட்டதாக டீச்சரம்மா மெயில் எழுதியிருந்தார். அம்மா ஆடுவதை வீடியோ எடுத்து வைத்திருக்கிறீர்களா என்று அதில் கேட்டிருந்தார். என்னிடம் இல்லை. அன்றைக்கு என் போன் கோட்டுப் பையில் இருந்தது.

அவர் காலடியை எனக்கு ஞாபகம் இருக்கிறவரைக்கும் ஒரு தாளில் கட்டம் போட்டு அனுப்பினேன். 16 கட்டம், கொங்கா எங்கே, பேஸ் எங்கே, அம்மாவின் கால் எங்கே என்று. "ஆரம்பக்காரர்களுக்கு இதையும் சொல்லித் தருகிறேன்" என்று பதில் வந்தது.

சந்திப்பின் இரண்டாம் நாள் மாலை, தேநீருக்குப் பின் ஆடிட்டோரியத்தில் ஒரு மணி நேரம் இடம் கேட்டிருக்கிறேன். மலர்க் குழு நண்பன் ஆம்பிளிஃபயர் மேஜையைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னான். விடவில்லை, முதல் வரிசையில் அவன் பெயரைத்தான் எழுதியிருக்கிறேன். வாசலில் போனோடு நிற்பவர்கள் வரலாம், சீனியர், ஜூனியர், பிள்ளைகளோடு வருகிறவர்கள் எல்லோரும் வரலாம். ரப்பர் அடி ஷூ வேண்டாம், தரையைப் பிடித்துக்கொண்டு முழங்காலைத் திருகிவிடும். தோல் அடி உத்தமம், இல்லாவிட்டால் வெறும் சாக்ஸ் போதும். மூக்குகளுக்கு நான் பொறுப்பு.